செங்கற் சுவரும் சாலைக்கு அப்பால் நிற்கும் நினைவும்

பழங்கட்டடத்தைக் காத்தல் என்பது அதன் சுவரைக் காத்தலா, அன்றி அச்சுவர் கண்ட வாழ்வைக் காத்தலா? சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் நிற்கும் மெக்டோனல்ட் ஹவுஸ் இவ்வினாவை எழுப்புகின்றது.

பாமர் அண்ட் டர்னர் நிறுவனத்தார் வடிவமைத்த இச்செங்கற் கட்டடம் 1949இல் எழுந்தது. பிரிட்டிஷ் தலைமை ஆளுநர் மால்கம் மெக்டோனல்டின் பெயரைத் தாங்கிற்று. தென்கிழக்காசியாவில் முழுமையாகக் குளிரூட்டப்பெற்ற முதற்பெரும் அலுவலகக் கட்டடம் என்னும் சிறப்பும் பெற்றது. அதன் கீழ்த்தளத்தில் ஹாங்காங் வங்கி இயங்கிற்று.

சிங்கப்பூர் மலேசியாவின் ஓர் அங்கமாக விளங்கிய காலம் அது. மலேசியாவின் தோற்றத்தை ஏற்காத இந்தோனேசியா மோதல் கொள்கையை மேற்கொண்டிருந்தது. 1965 மார்ச் 10ஆம் நாள் பிற்பகல், இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவர் வைத்த குண்டு இக்கட்டடத்தில் வெடித்தது. வங்கியிற் பணிபுரிந்த பெண்கள் இருவர் மாண்டனர்; படுகாயமுற்ற ஓட்டுநர் ஒருவர் சில நாட்களில் உயிர்நீத்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டு வைத்த இருவரும் 1968இல் தூக்கிலிடப்பட்டனர்.

கட்டடம் செப்பனிடப்பட்டது. பின்னாளில் வேறொரு வங்கியும் விளம்பர நிறுவனமும் அங்கு இடம்பெற்றன. 2003இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பூட்டிவைத்த காட்சிப்பொருளாக ஆக்காமல், மக்கள் வந்துபோகும் இடமாகவே அதனைப் பேணியமை பாராட்டுக்குரியது. புழக்கமற்ற வீடு விரைவிற் பாழாகும் என்பது பட்டறிவு அன்றோ?

எனினும், குறை ஒன்று உண்டு. செம்மையாகப் புதுக்கப்பட்ட முகப்பில் அந்நாளின் தழும்பு தெரிவதில்லை. மோதலுக்குப் பலியானோர்க்கான நினைவுச்சின்னம் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 2015இல்தான் எழுந்தது. அதுவும் சாலையின் எதிர்ப்புறத்தில். கட்டடத்திற்குள் அலுவலாகச் செல்வோர் சாலையைக் கடக்க வேண்டுவதில்லை. சுவர் ஒருபுறம், அதன் பொருள் மறுபுறம் என நிற்கின்றன.

பெயர்களின் நிலையும் எண்ணத்தக்கது. அருகிலுள்ள தோபி காட் என்னும் இடப்பெயர், அங்குத் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளரை இன்றும் நினைவூட்டுகின்றது. கட்டடத்தின் பெயரோ ஆளுநரை நினைவூட்டுகின்றது. அங்கே உயிரிழந்த எளியோர் மூவர்க்கும் அப்பெயரில் இடமில்லை.

ஆதலின், கட்டடத்தைப் பட்டியலிற் சேர்ப்பது பாதிப்பணியே. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் செங்கல்லின் அழகைக் காட்டுவதோடு அமையாது, அவர்களுடன் சாலையையும் கடத்தல் வேண்டும். அப்பொழுதே மறுபாதி நிறைவெய்தும்.