சுவரில் மாட்டிய போர்வை: ஜீஸ் பெண்ட் பற்றி ஒரு மாற்றுக் கருத்து

அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு சின்ன ஊர் ஜீஸ் பெண்ட். அரசாங்க ஏட்டில் அதன் பெயர் பாய்கின். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்டுகள் 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்துவிட்டன. மாத்தீஸ், க்ளீ என்று பெரிய பெயர்களோடு ஒப்பிட்டார்கள். 2006 இல் அமெரிக்கத் தபால் துறை பத்து தபால்தலைகள் வெளியிட்டது.

இந்தப் பாராட்டில் எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. போர்வைகளில் இல்லை, அவற்றைப் பார்க்கச் சொல்லித் தந்த விதத்தில்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, கீழே ஒரு அடித்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, மொத்தத்தையும் ஊடுருவி நூல் ஓட்ட வேண்டும். (மெத்தைப் போர்வை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். கடையில் கேட்டால் வேறு எதையோ எடுத்துக் கொடுப்பார்கள். குவில்ட் என்றே இருக்கட்டும்.) ஜீஸ் பெண்டில் முகப்பை இணைப்பது பெரும்பாலும் ஒருத்தி தனியாகச் செய்யும் வேலை. நூல் ஓட்டுவதுதான் கூட்டு வேலை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து, பாடிக்கொண்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டும் தைப்பார்கள். அமெரிக்கத் தெற்கில் பல வீடுகளில் அந்தச் சட்டத்தைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. வேலை முடிந்தால் மேலே இழுத்துக் கட்டிவிடலாம். ஒரே அறையில் குடும்பமே தூங்க வேண்டிய வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அருங்காட்சியகச் சுவரில் நமக்குத் தெரிவது முகப்பு மட்டும். அதாவது தனி ஆள் வேலை மட்டும். பக்கத்தில் ஒரு பெயர், ஒரு வருடம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தையல் தெரியாது, நிறக்கட்டங்கள்தான் தெரியும். ஓவியம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். ஓவியத்தைப் போல மாட்டினால் ஓவியம் போலத்தானே இருக்கும்!

இது புதுப் பழக்கமும் இல்லை. இதே விட்னியில் 1971 இலேயே ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த பழைய அமெரிக்க குவில்ட்டுகளை அரூப ஓவியங்களாகக் காட்டினார்கள். அப்போது தைத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, வடிவம்தான் பேச்சு. அந்த வகையில் 2002 கண்காட்சி ஒரு பெரிய முன்னேற்றம், அதை மறுக்கவில்லை. பெயர், படம், வாழ்க்கைக் கதை எல்லாம் வந்தன. ஆனால் மாட்டும் முறை மாறவில்லை.

இன்னொரு வாதம் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வரும்: ஊர் தனித்து ஒதுங்கிக் கிடந்தது, அதனால்தான் இப்படி ஒரு பாணி பிறந்தது என்று. பாதி உண்மை. 1962 இல் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியத் தலைப்பட்ட நேரத்தில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கேம்டனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப வந்தது 2006 இல். நாற்பத்து நாலு வருஷம்! ஆகவே அது தானாக அமைந்த தனிமை இல்லை, ஒருவர் முடிவெடுத்துச் செய்த தண்டனை. அதைக் கலைக்கு உரம் மாதிரி பேசுவது எனக்குக் கூசுகிறது.

தவிர, ஊருக்குள் யாரும் தனியாக இல்லை. வசந்த காலத்தில் போர்வைகளை வெளியே எடுத்துக் கொடியிலும் வேலியிலும் காயப்போடுவார்கள். மற்ற பெண்கள் நடந்துபோய் ஒவ்வொரு வீட்டிலும் எது புதுசு என்று பார்ப்பார்கள். 'ஹவுஸ்டாப்' என்று ஒரு வடிவம் அந்த ஊரில் பிரபலம். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அவ்வளவுதான் விதி. எங்கள் தொழிலில் சொன்னால் நாலு வரி புரோகிராம். அதை வைத்து ஒருத்தி செய்ததைப் பார்த்து இன்னொருத்தி நடுத்துண்டை மூலைக்குத் தள்ளுகிறாள், மூன்றாவது ஆள் ஒரு பக்கத்துப் பட்டையை மட்டும் தடிப்பாக்குகிறாள். பார்த்து, கொஞ்சம் பொறாமைப்பட்டு, வீட்டுக்குப் போய் மாற்றிச் செய்வது. இப்படித் தன் இஷ்டப்படி செய்வதற்கு அவர்களே வைத்த பெயர் 'மை வே'. 'என் வழி' என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரியின் வழி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? காயப்போட்ட கொடிதான் அந்த ஊரின் கண்காட்சிக் கூடம். விமர்சகர்கள் மாத்தீஸைத் தேடி பாரீஸ் வரை போயிருக்க வேண்டாம்.

கருவிகள் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, எனக்கு அதில்தான் ஆர்வம். இன்றைக்கு குவில்ட் தைக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் சொல்வது ரோட்டரி கட்டர். 1979 இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி இருக்கும். அதோடு கோடு போட்ட அக்ரிலிக் அளவுகோல், அடியில் ஒரு விரிப்பு. நாலைந்து அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் நூல் பிடித்தது போல வெட்டலாம். காலங்குல மடிப்பு எங்கும் பிசகாது. ஜீஸ் பெண்டின் பழைய போர்வைகள் இதெல்லாம் இல்லாத காலத்தவை. கத்தரிக்கோல், கையால் கிழித்த பட்டை, ஊசி, திம்பிள். அடித்துணிக்கு மாவு மூட்டை, உர மூட்டைத் துணி. உள்ளே வைக்கும் பஞ்சை வயலிலும் அரவை ஆலையிலும் மிஞ்சியதைப் பொறுக்கி அடித்துப் பரப்பினார்கள்.

கோடுகள் நெளிவதை ஜாஸ் இசை மாதிரி மனோதர்மம் என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. பழைய வேலைப் பேன்ட்டின் காலைத் தையல் பிரித்து விரித்துப் பாருங்கள். தொடைப் பக்கம் அகலம், கணுக்கால் பக்கம் குறுகல். அதை அப்படியே பட்டையாக வைத்தால் கோடு சாய்ந்துதான் வரும். முழங்கால் இடத்தில் வெளுத்திருக்கும். பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் மட்டும் பழைய அடர்நீலம் சதுரமாக நிற்கும். துணியின் வடிவமே பாதிக் கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதி கைக்காரியின் தேர்வு, அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே மாதிரிப் பேன்ட்டுகள் பக்கத்து வீட்டிலும் கிழிந்தன, ஆனால் இரண்டு வீட்டுப் போர்வையும் ஒன்றாக இல்லை.

மிசூரி பெட்வே 1942 இல் செய்த போர்வை இதற்கு நல்ல உதாரணம். கணவர் இறந்த பிறகு அவர் வேலைக்கு உடுத்திய துணிகளையே பிரித்துத் தைத்தது. அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காக அம்மா அதைச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பெட்வே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாம்பல், நீலம், நடுவில் கொஞ்சம் சிவப்பு. இதை நிறச்சேர்க்கை என்று மட்டும் பார்ப்பவருக்கு என்ன சொல்வது?

நேர்த்தி தெரியாதவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1966 இல் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியில் அந்த வட்டாரத்தில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு சங்கம் தொடங்கியது. ஓட்டுரிமை கேட்டதற்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அது கூலியும் கொடுத்தது, வாங்கிய நிலத்தில் மனையும் விற்றது. நியூயார்க் கடைகளுக்கு அனுப்ப எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், நெருக்கமான தையல் என்று கேட்டார்கள். செய்து கொடுத்தார்கள். 1972 இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள். மிஞ்சிய வெட்டுத்துணி வீடுகளுக்குப் போய்ப் போர்வையானது. எழுபதுகளின் போர்வைகளில் திடீரென்று ஆரஞ்சும் அவகாடோ பச்சையும் வருவது இப்படித்தான். பகலில் அளவுகோல் வேலை, ராத்திரி வீட்டில் 'மை வே'. எனக்கு இந்த இரட்டை வாழ்க்கை ரொம்பப் பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் கோடிங் ஸ்டாண்டர்டுக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இஷ்டப்படி எழுதும் ஆளுக்கு இது புரியும்.

இப்போது பணம். வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் ஒரு புத்தகத்தில் விறகுக் குவியல் மேல் கிடந்த ஆன்னி மே யங்கின் போர்வைப் படத்தைப் பார்த்துத்தான் அந்த ஊரைத் தேடிப் போனார். கொசு விரட்டப் பழைய போர்வைகளைக் கொளுத்துவது அங்கே சாதாரணம். அப்படிச் சில போர்வைகளை ஆன்னி மே அப்போதுதான் எரித்திருந்தாராம். நம்ம ஊரில் வேப்பிலைப் புகை போடுவது மாதிரி. ஆர்னெட் வராவிட்டால் பல போர்வைகள் இன்று இருந்திருக்காது, அது நிஜம். ஆனால் அதே ஆன்னி மே யங்கும் லொரெட்டா பெட்வேயும் 2007 இல் ஆர்னெட் தரப்பு மேல், தங்களுக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008 இல் சமரசமாக முடிந்தது, விவரம் வெளியே வரவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். போர்வை 'ஓவியம்' ஆன அன்றே அதன் வடிவம் தனிச் சொத்தாகிவிடுகிறது. கம்பளத்திலும் குவளையிலும் அச்சடிக்கலாம். கொடியில் பார்த்துக் கற்றுக்கொண்ட வடிவத்துக்கு யார் உரிமையாளர்? சட்டத்திடம் சுலபமான பதில் இல்லை.

லேபிளில் நாலு பேர் பெயர் போடலாமே என்று கேட்பீர்கள். நான் அதை ஆதரிக்க மாட்டேன். முகப்பை இணைத்தவளின் போர்வை என்பதில் அந்த ஊர்ப் பெண்களுக்கே குழப்பம் இல்லை. நூல் ஓட்டுவது இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்ற கைமாற்று. நம்மூர் மொய் மாதிரி. அதை எழுத்தாளர் பட்டியலாக்கினால் கெட்டுவிடும். நான் கேட்பது ரொம்பச் சின்னது. பத்து போர்வைகள் மாட்டும் அறையில் ஒன்றையாவது திருப்பி மாட்டுங்கள். பின்பக்கம் உர மூட்டைத் துணியும், அதன் மேல் நெடுக ஓடும் தையலும் தெரியும். ஒரு மூலையில் நெருக்கம், இன்னொரு மூலையில் விரலகல இடைவெளி என்றால் இரண்டு கைகள் அங்கே உட்கார்ந்திருந்திருக்கலாம். இன்னொன்றைச் சட்டத்தோடு, இடுப்பு உயரத்தில், படுக்கவைத்துக் காட்டுங்கள்.

சில வருடங்களாக நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 முதல் ஜீஸ் பெண்ட் பெண்கள் பலர் எட்சியில் சொந்தக் கடை வைத்து நேரடியாக விற்கிறார்கள். 2022 இலிருந்து அக்டோபரில் ஒரு நாள், போர்வை காயப்போடுவதையே திருவிழாவாக நடத்துகிறார்கள். அன்று வெளியூர்க்காரர்களும் வந்து கொடிகளுக்கு நடுவே நடக்கலாம். காற்றடித்தால் போர்வை புரளும், பின்பக்கமும் தெரியும்.