பதிப்புரிமையும் படிப்புரிமையும்

மருதனார்மடத்துக்கு அயலே, சுன்னாகத்தில், விழிப்புலனற்ற பிள்ளைகளைப் பேணிக் கல்வியூட்டும் வாழ்வகம் இயங்கி வருகின்றது. வெண்பிரம்புடன் பாடசாலை செல்லும் பிள்ளைகளைக் காண்பது இவ்வூரவர்க்குப் புதிதன்று. ஆயின், அவர்கள் எதைப் படிக்கிறார்கள், படிக்க விரும்பியும் எது அவர்களுக்குக் கிட்டவில்லை என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

அண்மையில், உயர்தர வகுப்பிலே தமிழ் பயிலும் விழிப்புலனற்ற மாணவி ஒருவருக்காக, ஈழத்துச் சிறுகதைத் தொகுதி ஒன்றை நானும் என் மாணவர் சிலரும் வாசித்து ஒலிப்பதிவு செய்தோம். இதனைக் கேள்வியுற்ற எழுத்தாள நண்பர் ஒருவர், “நூலாசிரியரிடம் அனுமதி பெற்றீரோ? பதிப்புரிமைச் சட்டம் என ஒன்று உண்டல்லவா?” என்று வினவினார். அவர் இரக்கமற்றவர் அல்லர்; உழைக்கும் மக்களைப் பற்றி உள்ளம் உருக எழுதுபவர். அத்தகையவரிடமிருந்தே இவ்வினா எழுந்தமையால், அதனை ஆராய்தல் அவசியமாகின்றது.

பதிப்புரிமை என்றுமுள்ள அறமன்று. வரலாற்றின் ஒரு கட்டத்திலே தோன்றிய ஏற்பாடாகும். 1710 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், கல்வியை ஊக்குவித்தலையே தன் நோக்கமாகத் தலைப்பிற் கூறிற்று. புதிய நூலுக்கு அது அளித்த காப்பு 14 ஆண்டுகளே. அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிரோடிருப்பின் இன்னும் 14 ஆண்டுகள். நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, ஆசிரியரின் ஆயுட்காலம் முழுவதற்கும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் காப்பளிக்கின்றது. கல்வியை வளர்க்க வந்த ஏற்பாடு சொத்தைக் காக்கும் வேலியாக மாறிய கதை இது. தமிழர் இவ்வேலியைக் கேள்விக்குட்படுத்தாதவரும் அல்லர். பாரதியின் எழுத்து தனியாருடைமையாக இருத்தல் தகாது என்று குரல்கள் எழுந்தமையாலன்றோ, 1949 இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையைத் தன்வசமாக்கிப் பின்னர் மக்கள் அனைவர்க்கும் விடுத்தது!

கண்ணுள்ளவர்க்கு இவ்வேலியிலும் வாயில்கள் உண்டு. நூலை விலைகொடுத்து வாங்கலாம். நூலகத்தில் இரவல் பெறலாம். அச்சைப் படிக்க இயலாதவர்க்கோ, அந்நூல் பிறெயிலிலோ ஒலியிலோ மீள ஆக்கப்பட்டாலன்றிப் பயனில்லை. அவ்வாறு ஆக்குதலைச் சட்டம் ‘பிரதி செய்தல்’ என்றே கொண்டது. மற்றவர்க்குச் சாதாரண வாசிப்பாயிருப்பது இவர்க்கு உரிமை மீறலாகக் கருதப்பட்டது. உலகில் வெளியாகும் நூல்களுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே இவர்கள் படிக்கத்தக்க வடிவில் உள்ளன என உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் மதிப்பிட்டமை இதன் விளைவை உணர்த்தும்.

இவ்வநீதிக்கெதிராகப் பார்வையற்றோர் அமைப்புகள் பல்லாண்டு நடத்திய போராட்டத்தின் பேறே, 2013 யூன் 27 இல் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கையாகும். இலாப நோக்கற்ற நிறுவனங்கள் உரிமையாளரின் அனுமதியின்றியே நூல்களைப் படிக்கத்தக்க வடிவில் ஆக்கலாம். பயனாளிக்கு உதவுவோரும் அவருடைய சொந்தப் பாவனைக்காக அவ்வாறு செய்யலாம். ஆக்கியவற்றை நாடுவிட்டு நாடு அனுப்பலாம் என்பன அதன் சாரம். விழிப்புலனற்றோர் மாத்திரமன்றி, எழுத்துகளை இனங்கண்டு வாசிப்பதில் இடர்ப்படுவோரும், உடற்குறையால் நூலைக் கையிலேந்த இயலாதோரும் அதனுள் அடங்குவர். உலகில் இதனை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா, 2014 இல். 2016 ஒக்டோபரில் இலங்கையும் இணைந்தது. 2021 இல் நமது சட்டமும் இதற்கியையத் திருத்தப்பட்டது. ஆகவே, சென்னையில் ஒலிவடிவாக்கப்பட்ட தமிழ் நூல் யாழ்ப்பாணத்து மாணவியை வந்தடையச் சட்டத்தில் வழி பிறந்துள்ளது.

இவ்விளக்கத்தைக் கேட்ட நண்பர், தமது நூலின் கணினிக் கோப்பையே மறுநாள் அனுப்பிவைத்தார். அப்பொழுதுதான் அடுத்த தடை தெரிந்தது. நம்மூர் அச்சகங்கள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் அது கோக்கப்பட்டிருந்தது. திரையில் தமிழாகத் தோன்றும் அவ்வெழுத்துகளைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே அறியும். ஆதலால் திரையிலுள்ளதைக் குரலாக்கும் மென்பொருள் பொருளற்ற ஒலிகளை உளறிற்று. என் மாணவர் அதனை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்தச் சில மாலைகள் சென்றன. பக்கத்தைப் படமாகப் பிடித்து இணையத்தில் இடும் நூல்களுக்கும் நிலைமை இதுவே. படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தறிந்து எழுத்தாக்கினாலன்றி அம்மென்பொருள் அதனைப் படியாது.

இங்கேதான் சட்டத்தின் குறையும் புலனாகின்றது. அனுமதி வேறு, கடமை வேறு. நூலை ஆக்கலாம் என்று சட்டம் கூறுகின்றது. ஆக்குவது யார் பொறுப்பு, அதற்கான பொருளும் உழைப்பும் எங்கிருந்து வரும் என்பவற்றுக்கு அது விடை கூறவில்லை. வசதியற்றவனுக்கு வழங்கப்பட்ட வெறும் சுதந்திரம் எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. போர் பலருடைய பார்வையைப் பறித்த இம்மண்ணில் இது தருமகாரியம் அன்று, சமூகக் கடனாகும்.

எழுத்தாளனும் உழைப்பாளியே, அவனுக்குரிய ஊதியத்தை மறுப்பவர் எவருமிலர். ஆயின், கைப்பொருள் செலவிட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றையும் விற்க முடியாது அல்லலுறும் நம் எழுத்தாளரை வறியவராக்குவது விழிப்புலனற்ற வாசகர் அல்லர்.

ஆகவே, நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் அதன் ஒருங்குறிக் கோப்பொன்றை விழிப்புலனற்றோர் நிறுவனத்துக்கு வழங்குதல் வேண்டும். பாடசாலைத் தமிழ் மன்றங்கள் வாசித்துப் பதிவு செய்யும் பணியை மேற்கொள்ளுதல் வேண்டும். இதனை அரசின் பொறுப்பாக்குமாறு ஆசிரியர் சங்கங்கள் கோருதல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எண்ணி இன்றும் கலங்குகிறோம். நூல் மறுக்கப்படுதலின் கொடுமையை அறிந்த நாம், நம் அயலிலே அதனை நாளும் அனுபவிப்போரை மறந்திருத்தல் முறையாகுமா?

அம்மாணவி இப்பொழுது இரண்டாவது தொகுதியைக் கேட்டிருக்கிறார். வாசிக்க இன்னும் சிலர் தேவை.