மக்கள் தொடர்புக் கல்வியும் கொடைக்கானல் பாதரசமும்

மக்கள் தொடர்புத் தொழிலுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் முறை தமிழகக் கல்லூரிகளில் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. காட்சித் தொடர்பியல், இதழியல், வணிக நிர்வாகம் ஆகிய பட்டங்களில் ஒரு தாளாகவும், சில கல்லூரிகளில் தனிப் பட்டமாகவும் அது நடத்தப்படுகிறது. செய்திக்குறிப்பு எழுதுவது, பத்திரிகையாளர் சந்திப்பை வகுப்பறையில் நடத்திப் பார்ப்பது, ஏதாவதொரு பொருளுக்குப் பிரசாரத் திட்டம் தீட்டுவது, புகழ்பெற்ற நெருக்கடிகளை வழக்காய்வாகப் படிப்பது, கடைசிப் பருவத்தில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பணி செய்வது, செய்ததையெல்லாம் கோப்பாகத் தொகுத்து நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப்போவது ஆகியவற்றோடு படிப்பு முடிகிறது.

இந்த முறையின் பலன்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதில் நன்றாகத் தேறிய மாணவர் ஒரு நிகழ்ச்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பிழையில்லாத செய்திக்குறிப்பைத் தந்துவிடுவார். நிருபருக்கு எது செய்தி, எது வெறும் புகழ்ச்சி என்பது அவருக்குத் தெரியும். மாலைப் பதிப்பு எப்போது அச்சுக்குப் போகும், எந்தப் படம் பத்திரிகைக்கு ஆகும், எது முகநூலோடு நிற்கும் என்பதும் தெரியும். பாடத்திட்டத்தில் எழுதப்படாத நன்மை ஒன்றும் உண்டு. திண்டுக்கல், தேனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவிக்கு முன்பின் தெரியாத ஓர் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, தயங்காமல் பேசி, வேண்டிய தகவலைக் கேட்டு வாங்கும் துணிவு இந்தப் பயிற்சியில்தான் கிடைக்கிறது. பல தாள்களைவிட இது பெரிது.

குறை தொடங்கும் இடம் பாடநூல். எட்வர்ட் பெர்னேஸ் 1923 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு வகுப்பெடுத்ததில் தொடங்கி, ஜேம்ஸ் கிரூனிக், டாட் ஹன்ட் இருவரும் 1984 இல் வகுத்த நான்கு மாதிரிகள்வரை வரலாறு அமெரிக்காவிலேயே சுற்றிவருகிறது. இந்தியாவுக்கு வந்தால் 1958 இல் அமைந்த இந்திய மக்கள் தொடர்புச் சங்கத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதே 1958 இல் வெளியான ‘நாடோடி மன்னன்’ படத்தின் புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்து, தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர்பெற்றவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அவரைப் பாடநூல்கள் கண்டுகொள்வதில்லை. இது ஊர்ப்பெருமை பற்றிய குறை அன்று. அவர் படம் கொடுப்பதோடு நிற்காமல், வெளியான படங்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தார். பின்னாளில் அந்தத் தொகுப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. கையில் சரிபார்த்த தகவல் வைத்திருப்பவரைத் தேடிப் பத்திரிகைகள் தாமே வரும் என்பதை எந்த அமெரிக்க மாதிரியையும்விட அவருடைய வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

வழக்காய்வுப் பாடத்தில் இந்தக் குறை இன்னும் ஆழமாகிறது. நெருக்கடிக்காலத் தொடர்பு என்றதும் வகுப்பில் வந்து நிற்பது டைலினால் மாத்திரை. 1982 இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ சயனைடு கலந்துவைத்த மாத்திரைகளை விழுங்கி 7 பேர் இறந்தனர். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடிப் புட்டிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு மறுபடி விற்பனைக்கு வந்தது. பாடமாக்குவதற்கு வசதியான கதை: குற்றம் நிறுவனத்தின்மேல் இல்லை, நடவடிக்கை விரைவானது, முடிவு சுபம். நம் மாணவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் நெருக்கடிகள் பெரும்பாலும் இப்படி வருவதில்லை. தவறு வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கும். அதை வெளியார் கண்டுபிடித்திருப்பார்கள். பிரச்சினை வாரக்கணக்கில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

அத்தகைய வழக்கு பழனி மலையின் மேலேயே இருக்கிறது. பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலையை நிறுவியது. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்கள் இங்கே வந்தன; செய்த பொருள் ஏற்றுமதியானது. பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதால் ஆலை பின்னர் அதன் இந்திய நிறுவனமான இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. அது அமைந்திருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் வெளிக்கொணர்ந்தனர். விதிக்குப் புறம்பாகக் கழிவு வெளியே விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது. 2003 இல் பாதரசக் கழிவும் கருவிகளுமாக சுமார் 290 டன் மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 2006 இல் உயர் நீதிமன்றம் சென்றனர். தங்களுக்கு வந்த நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்பது அவர்கள் தரப்பு. மருத்துவ ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்பது நிறுவனத்தின் தரப்பு. 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகவே நிறுவனம் கூறியது. மண்ணைத் துப்புரவாக்கும் வேலையும் அதற்கான அளவுகோல் பற்றிய சச்சரவும் அதன் பிறகும் ஓயவில்லை.

இந்த வழக்கை வழக்கமான பயிற்சியாக மாற்றினால், நிறுவனத்தின் சார்பில் 300 சொற்களில் செய்திக்குறிப்பு எழுதுக என்று வினா வரும். மாணவரும் வருத்தம், விசாரணை, பாதுகாப்பே முதன்மை என்று மூன்று பத்தி எழுதிவிடுவார். மதிப்பெண்ணும் வந்துவிடும். வழக்கின் உயிர்நாடியோ வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம்வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை நிறுவனமும் அரசின் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்புகளும் ஏற்றன. ஐரோப்பாவில் இப்படியொரு இடத்துக்கு இதைவிடக் கடுமையான அளவு கேட்பார்களே, சோலைக்காட்டுக்கு மேலே ஏன் தளர்த்த வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்த எண் எதை அளக்கிறது, மண்ணில் கிடக்கும் பாதரசம் நீரில் சேர்ந்து மீன்வழி உடலுக்குள் போகும்போது ஏன் கூடுதல் நஞ்சாகிறது, ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசத்தால் நடந்தது என்ன, தொழிலாளியின் சிறுநீர்ப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவை புரியாத மக்கள் தொடர்பு அலுவலர் யாருக்கும் பயன்பட மாட்டார். நிறுவனம் கொடுத்த தாளைத் திருப்பிப் படிப்பது மட்டுமே அவரால் முடியும். நிருபர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே அவர் மேலிடத்துக்குத் தொலைபேசி போடுவார்.

இதே வழக்கில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் பாடநூல் கற்பிக்கும் கைத்திறனின் முழு வலிமையும் தெரியும். 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் காணொளி வெளிவந்தது. உலகமெங்கும் தெரிந்த நிக்கி மினாஜ் பாட்டொன்றின் மெட்டு, சில நிமிட நீளம், கடைசியில் கையெழுத்திடச் சொல்லும் ஒரு வேண்டுகோள். பாடியவர் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிப் பழகியவர். பதினான்கு ஆண்டுகளாக மனுக்களும் அறிக்கைகளும் எட்டாத காதுகளை அந்தக் காணொளி சில நாள்களில் எட்டியது. யூனிலீவரின் உலகத் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு உடன்பாட்டுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. நீதிமன்றத்தில் பத்தாண்டு காத்துக்கிடந்த தொழிலாளர்களின் பிடிவாதமே அடித்தளம். ஆனாலும் மெட்டுத் தேர்வு, நேரம், யாரைக் குறிவைப்பது என்பவையெல்லாம் பிரசாரத் திட்டம் என்ற தாளில் சொல்லித்தரப்படுபவைதாம். கூலி கொடுக்கும் கட்சிக்காரருக்கு மட்டுமே இந்தத் திறன் என்பதுபோல் அதைக் கற்பிப்பது பாடத்தையே பாதியாக்கிவிடுகிறது.

பயிற்சிப் பணியின் நிலையும் பேசப்பட வேண்டியது. சென்னை, பெங்களூரு முகமைகளில் சேரும் மாணவருக்கு முதல் மாதங்களில் வாய்ப்பது பத்திரிகை நறுக்குகளைத் திரட்டுவது, நிருபர்களின் எண்பட்டியலைப் புதுப்பிப்பது, செய்தி வந்ததா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்பது. முகமையின் ஓட்டத்தை உள்ளிருந்து பார்ப்பதற்கு இது உதவும். பல நேரம் வேலையும் இங்கிருந்தே கிடைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் வந்த குறிப்பைத் தமிழாக்கும் பொறுப்பு கடைசி நேரத்தில் பயிற்சி மாணவர் தலையில் விழும்போது வெளிவரும் தமிழ், வாசகரும் படிக்க முடியாத, நிருபரும் திருத்த முடியாத ஒன்றாகிவிடுகிறது. தமிழில் எழுதும் பயிற்சியைப் பாடத்திட்டம் மொழித்தாளோடு முடித்துக்கொண்டதன் விளைவு இது.

மலைப்பகுதியில் காத்திருக்கும் வேலைகளோ பெரும்பாலும் தமிழிலேயே நடக்க வேண்டியவை. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம், எங்கே பதிவது, இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதை வத்தலகுண்டு வழியாக ஏறும் வேன் ஓட்டுநருக்கும் பழனி வழியாக வரும் குடும்பத்துக்கும் ஒரே பார்வையில் விளங்கவைப்பது எந்தப் பெருநிறுவனப் பிரசாரத்துக்கும் குறையாத சவால். அதே 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டின் நெய் பற்றிய சர்ச்சையை ஒட்டிப் பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றியும் வதந்தி கிளம்பியது. ஆவின் நெய்யே சேர்க்கப்படுகிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. பெயர் சொல்லி, எங்கிருந்து வாங்கும் நெய் என்று சொல்லி மறுத்ததே அந்த விளக்கத்தின் பலம். வெறுமனே ‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்றிருந்தால் வதந்திக்குத்தான் இன்னொரு சுற்று கிடைத்திருக்கும்.

மலைப்பூண்டின் கதை இன்னொரு வகை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்ப முயற்சியில் முன்நின்றது கொடைக்கானலில் 1984 இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை. குறியீடு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைவதற்கும் வெளியூரிலிருந்து வந்து அதே பெயரில் விற்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் அறியச் செய்வது அதற்கடுத்த வேலை. உண்மையான உற்பத்தியாளர், உண்மையான போட்டி, குறைந்த செலவு என எல்லாம் அமைந்த பயிற்சிக்களம் வாசலில் இருக்க, கற்பனையான ஷாம்புவுக்கும் இல்லாத கைப்பேசிக்கும் மாணவர்கள் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்று முறைக்கான விதையும் மலையடிவாரத்தில் இருக்கிறது. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவரும் சில நாள் ஒரு கிராமத்தில் தங்கிப் பணியாற்றுவது படிப்பின் பகுதி. விரிவாக்கக் கல்வி என்ற அந்த மரபு பேசுவதற்கு முன் கேட்கப் பழக்குகிறது. கிரூனிக் நான்காம் மாதிரியாகச் சொன்ன இருவழிச் சமச்சீர்த் தொடர்பை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதைவிட, தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பளியர் குடியிருப்பில் அரசுத் திட்டம் ஏன் வந்துசேரவில்லை என்று விசாரித்து எழுதுவது அதை நன்றாக விளங்கவைக்கும். இதற்கும் ஒரு குறை உண்டு. சில நாள் தங்கல் எளிதில் சுற்றுலாவாகச் சுருங்கிவிடும். புகைப்படங்களோடு அறிக்கை ஒப்படைத்ததும் ஊரோடு உறவு அறுந்துவிடும். வேலைச் சந்தை கேட்கும் விரைவையும் மென்பொருள் பழக்கத்தையும் அது தருவதில்லை. இரண்டையும் இணைத்தால்தான் பயன்.

ஒழுக்கநெறித் தாள் கடைசி. 1968 ஏப்ரல் 21 இல் தில்லி மாநாட்டில் பன்னாட்டு நெறிமுறையை இந்தியச் சங்கம் ஏற்றது. அந்த நாளே தேசிய மக்கள் தொடர்பு நாள். தேர்வில் இந்த நாளைக் கேட்கிறார்கள். நிறுவனத்தின் சோதனை அறிக்கை ஒன்று சொல்ல, மேலாளர் வேறொன்றை எழுதச் சொன்னால் இளநிலை அலுவலர் என்ன செய்யலாம், யாரிடம் எழுத்தில் கேட்கலாம், எப்போது கையெழுத்திட மறுக்கலாம் என்று கேட்பதில்லை. நெறி என்பது நடைமுறையாகக் கற்பிக்கப்படாதவரை அந்தத் தாள் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

செய்திக்குறிப்பையும் பயிற்சிப் பணியையும் கைவிட வேண்டிய தேவை எதுவும் இல்லை. கற்பனைப் பொருளுக்கான பிரசாரத் தாளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பருவம் முழுக்கக் கொடைக்கானல் பாதரச வழக்கை வைக்கலாம். நிறுவனம் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் விளக்கங்கள், தொழிலாளர் தரப்பு மனுக்கள், ஆய்வறிக்கைகள், நீதிமன்ற ஆணைகள் எனப் படிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி பொதுவெளியில் உள்ளது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவற்றைத் தமிழில் தொகுத்து, இரு தரப்புக்கும் மாறி மாறி எழுதவைக்கும் ஒரு பாடநூலைத் தயாரிக்கும் வேலையைத் தமிழகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.