விரித்த உள்ளங்கை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் சுவரில் உள்ள கல்வெட்டைப் பார்த்துக் குடவோலைத் தேர்தல் பற்றியும் ஜனநாயகம் பற்றியும் பேசிவிட்டுப் போகிறார்கள். துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணி மறக்கிற எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்த இடம் வேறு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. பெயர் எழுதிய ஓலைக் கட்டுகள் இருக்கும் குடத்தை அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, மறுபடி ஓர் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்தபின் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

விரலை எதற்கு விரிக்கச் சொன்னார்கள்? மடங்கிய விரலுக்குள் வேறொரு ஓலை ஒளிந்திருக்கலாமே! எழுதியவர் திருடனின் கையைத் தன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். எத்தனை தரம் படித்தாலும் அந்த ஐந்து விரலில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மர்மக் கதையிலும் நான் தேடுவது இதைத்தான். கொலை செய்தது யார் என்பது ஒரு வரியில் தீர்ந்துவிடும். கண்முன்னே நடந்த காரியம் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்பதில்தான் ருசி.

சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வை நம் பக்கத்து வாசகர்களுக்கு முதலில் சொல்வேன். நாட்டுப்பாடல் சேகரிக்கத் திருநிலம் என்ற கிராமத்துக்கு வந்து, பழைய ஜமீன் மாளிகையில் தங்குகிறான் கல்யாணராமன். போலீஸ்காரனோ வக்கீலோ இல்லை, பாட்டுக் கேட்க வந்தவன். அந்தத் தேர்வை நினைத்து நினைத்து வியக்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டு வந்திருப்பவனுக்கு ராத்திரி மாளிகையில் கேட்கும் சத்தம் சும்மா சத்தமாகவா இருக்கும்? தவிர, கிராமத்தில் வெளியூர்க்காரனை ஊரே வேவு பார்க்கும். யார் வந்தார்கள், எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று திண்ணையில் இருப்பவர் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கொலையை மறைப்பது பட்டணத்தில் மறைப்பதைவிடக் கஷ்டம். இதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்த ஊர் வெள்ளியும் மருதமுத்துவும் பேசிக்கொள்ளும் இடங்களை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

பயணத்துக்கு ராஜேஷ்குமார். பாக்கெட் நாவலைப் பிரித்தால் ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. காஞ்சிபுரம் பஸ்ஸும் வந்தவாசி பஸ்ஸும் நம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதுபோல இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். எந்த இடத்தில் சேரும் என்று முன்கூட்டியே பிடிக்கப் பார்ப்பதுதான் வாசகனின் ஆட்டம். இரண்டாம் கதையில் போகிறபோக்கில் வரும் ஒரு பெயரையோ தெருவையோ குறித்துக்கொண்டு படித்துப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதிய கை அவருடையது. விவேக்கும் ரூபலாவும் துப்பறிய வருகிற கதையில் தொடங்கலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தியும் அதே வேகம். சுசீலாவின் பனியன் வாசகங்களுக்காகவே படித்தவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வைக் கொடுங்கள். பாங்கில் குமாஸ்தா வேலை பார்த்த அசடு சாம்பு. அவன் தடுக்கி விழுந்தால் அங்கே திருடன் அகப்படுகிறான். சிரிப்பு அதோடு முடிவதில்லை. ‘நீங்கள் இப்படி யோசித்துத்தானே இதைச் செய்தீர்கள்’ என்று இன்ஸ்பெக்டர் கோபாலன் தானே ஒரு காரணம் கற்பித்து அசந்துபோவார், சாம்பு மறுக்காமல் நிற்பான். ஆதாரத்தைவிட, தான் நம்ப விரும்புவதையே மனுஷன் முதலில் பார்க்கிறான் என்ற பெரிய சங்கதியை இத்தனை லேசாகச் சொன்னவர் தமிழில் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

அதே தேவன் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ எழுதியிருக்கிறார். ஒரு கொலை வழக்கின் விசாரணைதான் நாவல். துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது, கேள்வியும் பதிலுமாகவே போகும். பொறுமை இல்லாதவர்கள் முதல் சில பக்கங்களில் புத்தகத்தை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். குறுக்கு விசாரணைப் பகுதியை வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வக்கீலாகவும் ஒருவர் சாட்சியாகவும் வாய்விட்டுப் படியுங்கள். மௌனமாகப் படிக்கையில் நழுவிப்போன சொல் அப்போது காதில் விழும். பிரதி கிடைக்காதவர்கள் என்னிடம் கேட்கலாம், படித்து முடித்ததும் திருப்பித் தந்தால் சரி.