கட்டும் கையும், பயிலும் கையும்

மூளை முடக்குவாதத்தால் உடலின் ஒரு பக்கம் இறுகிப்போன குழந்தையின் கை இருமுறை நஷ்டமடைகிறது. பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ பிறக்கும் வேளையிலோ மூளைக்கு நேர்ந்த சேதத்தால் விளைவது முதல் நஷ்டம்; அந்தக் கையை நீட்டிப் பார்த்துத் தோற்றபின், மற்றக் கையாலேயே காரியங்களை முடித்துக்கொள்ளலாம் என்று குழந்தை கண்டுகொள்வதால் விளைவது இரண்டாவது. முன்னதை மருத்துவம் மீட்டுத்தர இயலாது. பின்னதைக் கணிசமான அளவு மீட்கலாம்.

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் நடத்திய ஆராய்ச்சியில், உணர்ச்சி நரம்பு துண்டிக்கப்பட்ட கையை அவை பயன்படுத்தாதிருப்பது முற்றிலும் சக்தியின்மையால் அன்று, பழகிப்போன கைவிடுதலாலும்தான் என்றும், நல்ல கையைக் கட்டிவைத்தால் கைவிடப்பட்ட கை மீண்டும் முயலத் தொடங்குகிறது என்றும் கண்டார். பக்கவாதமுற்ற பெரியவர்களிடமும் பின்னர்க் குழந்தைகளிடமும் இம்முறை பரவிற்று. நல்ல கைக்கு உறையோ தூளியோ இலேசான மாவுக்கட்டோ போட்டு, பலவீனமான கையை விளையாட்டிலும் வேலையிலும் ஈடுபடுத்துவதே இதன் சாரம்.

இதன் தலையாய நன்மை, சிகிச்சையின் கர்த்தாவாகக் குழந்தையையே ஆக்கியது. கையைப் பிறர் பிடித்து நீட்டுவதும் உருவிவிடுவதுமே வைத்தியம் என்று நெடுங்காலம் நிலவிய வழக்கத்தை, 2013-லும் 2020-லும் அயோனா நோவக் குழுவினர் சான்றுகளை நிறுத்துப் பார்த்து வெளியிட்ட மதிப்புரைகள் பெரிதும் பயனற்றதென ஒதுக்கி, குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சிகளை முன்வைத்தன. ஆயினும், 36 ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கட்டுமுறையின் பெருமையையும் அளவோடு நிறுத்திவிட்டது. சொற்ப நேரச் சிகிச்சையோடு ஒப்பிடும்போது கட்டுமுறை மேலாகத் தோன்றினாலும், அதே மணிக்கணக்கில் இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றும் முறையோடு ஒப்பிடும்போது அதற்குத் தனி மேன்மை காணப்படவில்லை. என் அபிப்பிராயத்தில், நலம் தருவது கட்டு அன்று, பயிற்சியின் நேரமே.

மேலும், இரு பக்கமும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு எந்தக் கையைக் கட்டுவது? ஒரு பக்கம் மட்டுமே பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அந்தக் கை ஆயுள் முழுதும் துணைக் கையாகவே இருக்கப்போகிறது; பற்றி நிறுத்தும் வித்தையே அதற்கு முதன்மையானது. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலை வீடுகளில் மிளகுக் கொத்தை ஒரு கை பிடித்திருக்க மறு கை மணிகளை உதிர்ப்பதும், பலாவை ஒரு கை அமுக்கியிருக்க மறு கை சுளையைப் பிரிப்பதும் அந்த வித்தைக்கு இயல்பான பாடங்கள். வேலையாகச் சுமத்தாமல் விளையாட்டாகக் குழந்தை இதில் கலந்துகொண்டால், கட்டின்றியே துணைக் கை தன் கடமையைக் கற்கும்.

இனி நேரக் கணக்கு. இருகைப் பயிற்சித் திட்டங்கள் பல 90 மணி நேரத்தை உத்தேசிக்கின்றன. வாழவந்திநாடு, குண்டூர்நாடு, தேவானூர்நாடு எனப் பல நாடுகளாய் மலைமேல் சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து ஒரு தாய், ஒரு நாள் கூலியை இழந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, வாரம் ஒருமுறை அரைமணி நேரச் சிகிச்சைக்கு நாமக்கல் வந்து திரும்பினால், அந்த 90 மணி நேரம் நிறைவதற்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆகும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குறையைக் கண்டறிய வழிசெய்தது மெச்சத்தக்கதே. ஆனால் கண்டறிந்தபின் அடிவாரத்துக்கு அனுப்பிவைப்பதோடு முடிந்துவிட்டால், அது பாதிக் காரியந்தான்.

பெற்றோருக்குப் பயிற்சி தந்து, நாளொன்றுக்கு 2 மணி, வாரம் 5 நாள், 9 வாரம் என வீட்டிலேயே அந்த 90 மணியையும் நிறைவேற்றும் முறை அமெரிக்காவில் சோதிக்கப்பட்டு நற்பலன் தந்திருக்கிறது. 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களை வீடுதோறும் அனுப்பி, நிபுணர்கள் தூரத்திலிருந்து வழிகாட்டும் ஏற்பாட்டை நம் நாட்டிலேயே நடத்திக் காட்டியிருக்கிறது. இதுவே மலைக்கு ஏற்ற வழி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எனினும், வீட்டுப் பயிற்சி என்ற பெயரால் எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றிவிடுவது பெரும் அநீதி. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அவளுக்கு இரண்டு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? அந்தந்த மலைநாட்டுப் பெண் ஒருத்திக்கு ஊதியம் கொடுத்து அப்பணியில் அமர்த்துவதும், சிகிச்சையாளர் மாதந்தோறும் மலையேறி வருவதும் அரசின் பொறுப்பு. போட்டுலினம் ஊசி போட்டாலும், அது தசையின் இறுக்கத்தைச் சில மாதங்களே தளர்த்தும். அந்த மாதங்களில் பயிற்சி நடவாவிடில் செலவெல்லாம் வியர்த்தமாகும். ஆகவே ஊசிக்கு நாள் குறிக்கும் முன், பயிற்றுவிக்கும் ஆள் யார் என்பது நிச்சயிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தியது காலம். ஒரு வயது நிறையாத குழந்தை எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது எனில், இடக்கைப் பழக்கமோ வலக்கைப் பழக்கமோ என்று எண்ணி இருந்துவிடாமல், உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லும் அறிவு மலைமேலுள்ள ஒவ்வோர் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இருக்க வேண்டும்.