வீடு போன கதையும் 'முன்னுக்கு வந்த' கதையும்

மனோரஞ்சன் ப்யாபாரியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ரிக்சா ஓட்டினவர் எழுத்தாளரானார். ரயிலடியில் படுத்துக் கிடந்தவர், இருபது வயசு தாண்டி ஜெயிலில் எழுத்துக் கற்றுக்கொண்டவர், பரிசு வாங்கினார். கேக்க நல்லாத்தான் இருக்குது. சொல்றவங்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. எப்படி மேலே வந்தார் என்று கேட்டால் போதும். அவரை யார் தெருவில் தள்ளியது என்று கேட்க வேண்டியதில்லை.

2018-ல் சிப்ரா முகர்ஜியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக நம்மிடம் வந்த அவருடைய தன்வரலாறு இந்தச் சௌகரியத்தைக் கெடுக்கிறது. தலைப்பிலேயே 'சண்டாள்' என்ற சொல்லை வைக்கிறார். அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று போராடி, 1911 கணக்கெடுப்பில் 'நமசூத்திரர்' என்று மாற்றிக்கொண்ட சனம் அது. நூறு வருசம் கழித்து அந்தச் சனத்துப் பிள்ளை ஒருவர் அதே வசவை எடுத்து அட்டையில் போடுகிறார். இதை வெறும் அதிர்ச்சி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. பெயர் மாறியும் இருப்பிடம் மாறவில்லை என்பதுதான் அதில் உள்ள செய்தி.

பாரிசாலிலிருந்து பிரிவினைக்குப் பிறகு வந்த குடும்பம். பாங்குரா மாவட்டம் சிரோமணிப்பூர் முகாமில் அடைக்கப்பட்டது. அகதி என்றால் எல்லாரும் ஒரே அகதிதானே என்போம். அங்கேதான் சாதி நிற்கிறது. முன்னால் வந்த மேல்சாதி நடுத்தர வர்க்கத்தினர் தென் கல்கத்தாவில் காலி நிலங்களில் புகுந்து காலனிகள் போட்டார்கள். படிப்பு இருந்தது, ஆபீசுகளில் தெரிஞ்ச முகம் இருந்தது. ஆக்கிரமிப்பு 'போராட்டம்' ஆனது. பின்னால் சட்டப்படியும் ஆனது. நமசூத்திரர்களுக்கு முகாம், 1958-க்குப் பிறகு தண்டகாரண்யத்துக் காடு. போக மாட்டேன் என்றவர்களுக்கு உதவித்தொகை நின்றது. ப்யாபாரியின் அப்பாவும் போக மாட்டேன் என்றவர்தான்.

பிறகு பையன் ஓடிப் போகிறான். டீக்கடை, எச்சில் தட்டு, வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத முதலாளிகள், அசாம், லக்னோ. எங்கே தலை சாய்ப்பது, எவன் வந்து உதைத்து எழுப்புவான் என்ற கணக்கிலேயே நாள் கழிகிறது. நூலின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நக்சல் காலத்தையும் ஜெயிலையும் விட எனக்கு இதுதான் கனமாகப் பட்டது.

எல்லாரும் சொல்லும் அந்த ரிக்சாக் காட்சிக்கு வருவோம். ஜெயிலிலிருந்து வந்து யாதவ்பூர்ப் பக்கம் ரிக்சா ஓட்டுகிறார். புத்தகத்தில் பார்த்த 'ஜிஜீபிஷா' என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை. சவாரி ஏறிய ஓர் ஆசிரியை அம்மாவிடம் கேட்கிறார். வாழவேண்டும் என்ற ஆசை, என்கிறார் அவர். அவர் மகாசுவேதா தேவி. அவர் கேட்டு வாங்கிய எழுத்து 1981-ல் 'பர்த்திகா' இதழில் வருகிறது. அழகான காட்சிதான். ஆனால் நம்ம கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுகிறது, தரையைப் பார்ப்பதில்லை. மகாசுவேதா பாடம் எடுத்த கல்லூரி பிஜய்கரில் இருக்கிறது. பிஜய்கர் எது? காலியாகக் கிடந்த இராணுவ முகாமில், 1940களின் கடைசியில், அகதிகள் புகுந்து எழுப்பிய காலனி. பெரும்பாலும் மேல்சாதி அகதிகள். ஒரு அகதிக்கு வீடும் கல்லூரியும் கிடைத்த தெருவில் இன்னொரு அகதி சவாரிக்குக் காத்து நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஊர் போனது ஒரே பிரிவினையில்தான்.

தண்டகாரண்யத்திலிருந்து திரும்பிய நமசூத்திரர்கள் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறி, தாங்களே பள்ளிக்கூடமும் பாதையும் போட்டுக்கொண்டார்கள். பிஜய்கர்காரர்கள் செய்ததும் இதுதான். இவர்களுக்குக் கிடைத்தது 1979 ஜனவரியில் இடதுசாரி அரசின் முற்றுகை, மே மாதம் போலீஸ். செத்தவர் தொகையில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. இதைத் தள்ளிவைத்துவிட்டு ப்யாபாரியைத் 'தன்னம்பிக்கை' நூலாக வாசிப்பவர்கள் பாதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் வாசிக்கிறார்கள்.

குறையும் உண்டு. சொன்னதையே சொல்கிறார். தன்னை ஒண்டியாக நின்ற வீரனாக நிறுத்தும்போது, பத்திரிகைக்காரன் கேட்கிற கதைக்கு அவரே பாய் விரித்துக் கொடுக்கிறார். வாங்கின அடி அத்தனை. பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றினாலும், விமர்சகன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

'வங்காளத்தில் தலித் எழுத்து உண்டா?' என்ற கேள்வியைத் தலைப்பாக்கி, 2007-ல் ஆங்கில வார இதழில் அவர் எழுத்து வந்தபோது, காதும் கண்ணும் இல்லாத பிள்ளைகளின் பள்ளியில் சமையல்காரராக இருந்தார். 2018-ஆம் ஆண்டுக்கான 'இந்து' நாளிதழின் பரிசு வந்தபோதும் சமையல்காரர்தான். உடம்பு முடியாமல் அரசிடம் கேட்டபின், 2020-ல்தான் ஒரு நூலகத்தில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் அந்த அடுப்படி பத்திரிகைகளுக்கு ஒரு ஆச்சரியமான தலைப்பாக மட்டும் உதவிக்கொண்டிருந்தது.