கையெழுத்துக் கணக்கும் சம்பளக் கணக்கும்

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாடு முடிந்தபோது தமிழ்நாடு அரசு அறிவித்த தொகை 6.64 லட்சம் கோடி ரூபாய். 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு வேலை. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2019 ஜனவரியில், எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் 304 ஒப்பந்தங்கள், 3 லட்சம் கோடி, பத்து லட்சத்துக்கு மேல் வேலை. 2015 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் 98 ஒப்பந்தங்கள், 2.42 லட்சம் கோடி. ஒவ்வொரு முறையும் ஆளுங்கட்சி இதைச் சாதனை என்றது, எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்டது. 2021இல் ஆட்சி மாறியபோது இரு தரப்பும் நாற்காலி மாறி உட்கார்ந்தன. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: சொன்னதில் எவ்வளவு வந்தது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றால் வழக்கமான இரண்டு பதில்களும் நிற்கவில்லை. எல்லாம் வெற்று அறிவிப்பு என்பது பொய். எல்லாம் நிறைவேறிவருகிறது என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. ஆலைகளைக் கொண்டுவருவதில் தமிழகத்தின் இரு கழகங்களும் பொதுவாக நம்பப்படுவதைவிடச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கின்றன. வேலை என்னும் வாக்குறுதியையோ, காப்பாற்றினார்களா இல்லையா என்று யாரும் அளக்க முடியாத வடிவத்தில் தந்துவருகின்றன. குறை அங்கேதான் இருக்கிறது.

முதலில், காப்பாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வில், ஆலைகளின் எண்ணிக்கையிலும் அவற்றில் வேலை செய்வோர் எண்ணிக்கையிலும் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. நாட்டின் ஆலை வேலைகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இங்கே. மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020-21இல் 166 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். இவை மேடையில் வாசிக்கப்பட்ட கணக்குகள் அல்ல. நிகழ்ந்து முடிந்தபின் எண்ணப்பட்டவை. ஒரு திட்டத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. பிப்ரவரி 25 அன்று தூத்துக்குடி சிப்காட்டில் 400 ஏக்கரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆண்டுக்கு 50,000 மின்கார் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. பதினேழு மாதம் என்பது இந்தியாவில் ஒரு கார் ஆலைக்கு மிகக் குறுகிய காலம். தலைநகரைச் சுற்றியே வளர்ந்த கார்த் தொழில் தென்கோடிக்குப் போனது தானாக நடந்ததல்ல. பின்தங்கிய மாவட்டங்களில் முதலீடு செய்வோருக்குக் கூடுதல் சலுகை என்று 2021இல் வகுத்த தொழிற்கொள்கையும், துறைமுகமும், நிலத்தைக் கையில் வைத்திருந்த சிப்காட்டும் சேர்ந்து செய்த வேலை அது. மாநாடு என்ற ஏற்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஒரு தேதியைக் குறித்துவிட்டால் பத்துத் துறைகளின் கோப்புகளும் அந்தத் தேதிக்குள் நகர்ந்தாக வேண்டும். முதலீட்டாளர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அலைவதும் குறைகிறது. மாநாடுகளே வெறும் விளம்பரம் என்று ஒதுக்குபவர்கள் அரசு இயந்திரம் எப்படி நகர்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் இந்த வெற்றியை ஐந்தாண்டு ஆட்சிக்கணக்கில் துண்டு போட்டுச் சொந்தம் கொண்டாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஃபோர்டும் ஹூண்டாயும் 1990களின் நடுவில், ஆட்சி கைமாறிய ஆண்டுகளில் வந்தவை. சிப்காட் 1971இல் தொடங்கியது, தொழில் வழிகாட்டி நிறுவனம் 1992இல். ஒரு கட்சி கையெழுத்திட்டதை மறு கட்சி ரத்து செய்யாமல் தொடர்ந்ததுதான் தமிழகத்தின் உண்மையான பலம். வங்கத்தில் 2008இல் சிங்கூரை விட்டு நானோ கார் ஆலை குஜராத்துக்குப் போனதற்குப் பின் அங்கே என்ன ஆனது என்பதை நினைத்தால் இந்தத் தொடர்ச்சியின் மதிப்பு புரியும்.

இனி வேலைக்கு வருவோம். 2024 மாநாட்டின் ஒப்பந்தங்களில் சிலவற்றை அருகருகே வைத்தாலே பிரச்சினை கண்ணுக்குத் தெரியும். டாடா பவர் 70,800 கோடி ரூபாய் முதலீடு, 3,800 வேலை என்றது. செம்கார்ப் 36,238 கோடி, 1,511 வேலை. டாடா எலெக்ட்ரானிக்ஸ் 12,082 கோடி, 40,500 வேலை. பெகாட்ரான் 1,000 கோடி, 8,000 வேலை. வகுத்துப் பாருங்கள். டாடா பவரில் ஒரு வேலைக்கு ஏறத்தாழ 18.6 கோடி முதலீடு, செம்கார்ப்பில் 24 கோடி. டாடா எலெக்ட்ரானிக்ஸில் 30 லட்சம், பெகாட்ரானில் பன்னிரண்டரை லட்சம். முதலிரண்டும் மின்துறை சார்ந்தவை. காற்றாலையும் சூரிய மின்பலகையும் நாட்டுக்கு வேண்டியவை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அவற்றை நிறுவும் காலத்துக்குத்தான் ஆள் வேண்டும். நிறுவிய பின் காவலுக்கும் பராமரிப்புக்கும் சிலர் போதும். செல்பேசி ஆலையோ ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் கேட்கும். இந்த இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி லட்சம் கோடி என்று சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் அந்தத் தொகை முழுவதும் வேலையாக மாறிவிடுகிறது. மேலே சொன்ன நான்கில் முதலிரண்டும் பாதியில் நின்றுபோனாலும் வேலைவாய்ப்பில் பெரிய சேதமில்லை. மூன்றாவது மட்டும் நின்றால் ஒரு மாவட்டமே இழக்கும். மொத்தத் தொகையோ இதற்கு நேரெதிரான படத்தைக் காட்டும். 2015 மாநாட்டிலும் அறிவித்த தொகையில் மிகப் பெரிய பங்கு மின்துறையுடையதே. ஆக, யார் ஆட்சியிலும் பெரிய எண்ணை உருவாக்குவது மின்திட்டம், வேலையை உருவாக்குவது வேறொன்று. எண்ணைப் பெரிதாக்கும் போட்டி நடக்கும்வரை அமைச்சரின் கவனமும் அதிகாரியின் உழைப்பும் வேலை மிகுந்த சிறிய முதலீட்டைவிட வேலை குறைந்த பெரிய முதலீட்டின் பக்கமே சாயும்.

மறைமுக வேலை என்ற இனம் இன்னும் தளர்வானது. 27 லட்சத்தில் 12 லட்சத்துக்கு மேல் இந்த இனத்தில்தான் வருகிறது. ஆலை வாசலில் டீக்கடையும், வேன் ஓட்டுநரும், வாடகை வீடும் உண்மையான பிழைப்புகளே. அவற்றைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அவற்றை முன்கூட்டியே எண்ணவும் முடியாது, பிற்பாடு சரிபார்க்கவும் முடியாது. சரிபார்க்க முடியாத எண்ணை அரசு தன் வாக்குறுதியில் சேர்க்கும்போது, சரிபார்க்கக்கூடிய எண்ணும் சேர்ந்தே நம்பிக்கை இழக்கிறது.

அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கையெழுத்தான ஒப்பந்தங்களில் பெரும்பான்மை செயல்வடிவம் பெற்றுவிட்டது, பல்வேறு கட்டங்களில் இருக்கிறது என்பார்கள். கட்டங்கள் என்ற அந்தப் பன்மைக்குள்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது. நிலம் ஒதுக்கியதும் ஒரு கட்டம், அடிக்கல் நாட்டியதும் ஒரு கட்டம், முதல் பெட்டி ஏற்றுமதியானதும் ஒரு கட்டம். மூன்றையும் ஒரே விழுக்காட்டில் அடைத்தால் அது கணக்கல்ல. வின்ஃபாஸ்டையே எடுத்துக்கொண்டால், ஆலை திறந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன 16,000 கோடி என்பது முழுத் திட்டத்தின் தொகை, திறந்திருப்பது முதல் கட்டம். இதை நிறைவேறியது என்று எழுதுவதா, கால் பங்கு என்று எழுதுவதா? இந்த வேறுபாட்டை நம் நாட்டு நிர்வாகம் அறியாததும் அல்ல. 1991 தொழிற்கொள்கைக்குப் பின் தொழில் முனைவோர் மத்திய அரசிடம் தரும் குறிப்பாணையில் இரு பகுதிகள் வைத்தார்கள். தொடங்க எண்ணுவதைச் சொல்ல முதல் பகுதி, உற்பத்தி தொடங்கிய பின் தர இரண்டாம் பகுதி. எண்ணமும் செயலும் தனித்தனிப் படிவம். மாநில மேடைகளில் மட்டும் முதல் பகுதியையே இரண்டாவதுபோல வாசிக்கிறார்கள். 2025 அக்டோபரில், ஃபாக்ஸ்கான் 15,000 கோடி முதலீட்டில் 14,000 பேருக்கு வேலை தரப்போகிறது என்று மாநிலத் தொழில்துறை அறிவித்தது. முதல்வருடனான சந்திப்பில் புதிய முதலீடு எதுவும் பேசப்படவில்லை என்றது நிறுவனம். முன்பே உறுதியான முதலீடுதான் அது என்று அமைச்சர் விளக்கினார். அவர் விளக்கம் முழுக்கச் சரியாகவே இருக்கலாம். ஆனால் எது பழையது, எது புதியது என்று பார்க்க ஒரு பொதுப்பட்டியல் இருந்திருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடம் இருந்திருக்காது.

பட்டியல் வெளியிட முடியாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது, முதலீட்டாளரின் இரகசியம். எந்த நிறுவனம் எங்கே தயங்குகிறது என்று தெரிந்தால் ஆந்திரமோ கர்நாடகமோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். பேச்சுவார்த்தை நடக்கும் காலத்துக்கு இது நியாயம்தான். ஆனால் கேமரா முன் கோப்பு மாற்றிக்கொண்ட பிறகு, நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் அரசே வெளியிட்ட பிறகு, மூன்றாண்டு கழித்து அங்கே எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதில் மட்டும் என்ன இரகசியம்? அந்த எண் அரசுக்குத் தெரியாததும் அல்ல. பெரும் திட்டங்களுக்குத் தரும் ஊக்கச் சலுகை, முதலீட்டையும் வேலை எண்ணிக்கையையும் காட்டினால்தான் கிடைக்கும் என்பது விதி. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதந்தோறும் வரவு விழுகிறது. சலுகை தரும்போது இவ்வளவு கறாராக எண்ணும் அரசு, வாக்காளரிடம் வரும்போது ஒப்பந்தத் தொகையோடு நிறுத்திக்கொள்கிறது.

சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு அரசியல்வாதி பொறுப்பாக முடியுமா என்பது அடுத்த கேள்வி. முழுப் பொறுப்பாக முடியாது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. தொடுதிரைச் செல்பேசியின் வரவை எந்த முதல்வரும் தடுத்திருக்க இயலாது. ஆனால் மைக்ரோசாஃப்டுக்கு நோக்கியா தன் செல்பேசித் தொழிலை விற்றபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேராமல் போனதற்கு வரித் தகராறு காரணம்; அதில் மத்திய அரசின் வருமான வரியும் இருந்தது, மாநில அரசு கேட்ட 2,400 கோடி விற்பனை வரியும் இருந்தது. அழைத்து வந்ததைத் தன் கணக்கில் எழுதிய அரசு, போனதை உலகச் சந்தையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

உள்ளூர் என்ற சொல்லுக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. ஆலைகளில் 75 விழுக்காடு வேலை மண்ணின் மக்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. சட்டம் வரவில்லை. இதே போன்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக, அந்த வாக்குறுதி சட்டத்தின் முன் நிற்காது என்பது ஓரளவு முன்பே ஊகிக்கக்கூடியது, தந்திருக்கவே கூடாது. சட்டம் இல்லாமலே செய்யக்கூடியது, ஆலை வரும் வட்டாரத்தின் ஐ.டி.ஐ.யில் அந்த ஆலைக்கான பயிற்சியை ஓராண்டு முன்னதாகத் தொடங்குவது. அதை யாரும் மேடையில் பேசுவதில்லை, எண்ணாகச் சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லாததால். ஆலையே வராத உள்ளூரும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் தொழிற்பூங்கா என்ற பேச்சு 1990களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகிறது. தேர்தல்தோறும் அது உயிர்பெறுகிறது, வாக்கு எண்ணி முடிந்ததும் அடங்கிவிடுகிறது. அந்த ஊர் இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவது நின்றபாடில்லை. தூத்துக்குடியில் பதினேழு மாதத்தில் முடிந்தது நாங்குநேரியில் கால் நூற்றாண்டாக முடியவில்லை. திட்டத்தை ஏற்றவர் காலக்கெடுவுக்குள் கட்டாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்து வேறொருவருக்குத் தரும் உறுதியை ஆட்சிகள் உரிய காலத்தில் காட்டவில்லை.

வந்த வேலை எப்படிப்பட்டது என்பதும் வாக்குறுதியின் பகுதியே. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுதும் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர்கள். மாநாட்டு அறிவிப்பில் அவர்களும் ஆளுக்கொரு வேலை. ஆலையிலோ நிரந்தரத் தொழிலாளியின் உரிமை அவர்களுக்கு இல்லை. இங்கே அரசு ஒன்றை உருப்படியாகச் செய்தது: வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இடம், தொகை, படுக்கை எண்ணிக்கை எல்லாம் குறித்துச் சொல்லப்பட்ட வாக்குறுதி என்பதால்தான் அதை நிறைவேறியது என்று தயக்கமின்றி எழுத முடிகிறது. அதே அரசுதான் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளில் திரும்பப் பெற்றது. முதலீட்டாளருக்குத் தந்த சொல்லும் தொழிலாளிக்குத் தந்த சொல்லும் மோதும் இடம் அது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை ஏற்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்ததும் அதே மோதலால்தான்.

அறிவிப்புகளில் கழித்தல் என்பதே கிடையாது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியபோது நிரந்தரத் தொழிலாளர் மட்டும் 2,600 பேர் அளவில் வேலை இழந்தார்கள். 2025 அக்டோபர் 31 அன்று அதே நிறுவனம் அதே இடத்தில் என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. அறுநூறுக்கு மேற்பட்ட வேலை, உற்பத்தி 2029இல். ஃபோர்டு திரும்பி வருவது நல்ல செய்தி. அதற்காகப் பேசி உழைத்தவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால் அந்த அறுநூறைப் புதிய வேலை என்று எழுதும் பட்டியலின் பக்கத்துப் பத்தியில் அந்த இரண்டாயிரத்து அறுநூறும் இருக்க வேண்டும். 2029இல் யார் ஆட்சியில் இருந்தாலும், மறைமலைநகரில் எத்தனை பேருக்கு வைப்பு நிதி கட்டப்படுகிறது என்று தொழில்துறை ஒரு பக்கத்தில் அச்சிட்டுச் சட்டமன்றத்தில் வைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு அரசாணை போதும்.